ஆடியில் மொட்டையாகும் வேம்பு

மேர்பேங்கில் எங்கள் வேலியோரம் நின்றதை
வேம்பு என்றுதான் சொல்லிவந்தோம்.
நகராட்சிக் காகிதம் சிரிங்கா என்றது.
அந்நிய மரம், பரவும் இனம்,
அறுபது நாளுக்குள் அகற்றவும்.

ஃப்ரிட்ஜ் கதவில் அதை ஒட்டிவிட்டு
தனபாலன் சிரித்தார்:
"அந்நியமாம். அடுத்த காகிதம் நமக்கா?"
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
எங்கள் குடும்பத்தையும் ஒரு காகிதம்தான்
ஆற்றங்கரையிலிருந்து பிடுங்கி
இந்தச் சதுப்பில் ஊன்றியது.
ஆனால் நாங்கள் யாரையும் நெரிக்கவில்லை
என்றுதான் நினைக்கிறேன்.
மரம் நெரித்தது. போய்ப் பார்த்தேன்.

உம்லாஸ் கால்வாயோரம் நடக்க நடக்க
எங்கள் மரத்தின் பிள்ளைகள்,
கொண்டைக்குருவி தின்று கழித்தவை,
வௌவால் துப்பியவை.
நாணல் இருந்த இடத்தில் நாணல் இல்லை.
தவளைச் சத்தமும் இல்லை.
ஆலைப் புகையின் கீழே
அத்தனையும் ஒரே பச்சை.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.
பெரிய வெள்ளித் திருவிழாவுக்கு
கரகத்துக்கு இலை தந்தது அந்த மரம்தான்.
ஆடியில் கூழ் காய்ச்சும்போது இங்கே குளிர்காலம்.
மஞ்சள் காய்களைச் சுமந்துகொண்டு
மொட்டையாய் நிற்கும்.
வருஷா வருஷம் ஏணி போட்டு
உச்சியில் நாலு பழுத்த இலைக்காக
அம்மன் பேரைச் சொல்லித் துழாவியிருக்கிறேன்.
ஆடிக்கு இலையில்லாதது என்ன வேம்பு?

வெட்ட வந்தவர் பெக்கின்கோசி.
நான் கற்பூரம் ஏற்றியதும்
ரம்பத்தை அணைத்துத் தொப்பியைக் கழற்றினார்.
சுடர் அடங்கும்வரை நின்றார்.
"தொடங்கலாமா?" என்றார்,
என்னையா மரத்தையா கேட்டாரோ.
அடிக்கட்டையில் நீலச் சாயம் கலந்த மருந்தைப்
பிரஷ்ஷால் பூசினார்.
பூசாவிட்டால் ஒன்றுக்கு ஒன்பது துளிர்க்குமாம்.
பூசியும் இரண்டு முறை துளிர்த்தது.

என்ன நடுவதென்று வீட்டில் சண்டை.
தனபாலனுக்கு மா.
மகள் வெரோஷாவுக்குக் குப்பை போடாத எதுவும்.
பெக்கின்கோசி குழியிலிருந்து
ஒரு பிடி மண் எடுத்துப் பிழிந்தார்.
தண்ணீர் சொட்டியது.
"உம்டோனி" என்றார்.
அதோடு சண்டை முடிந்தது.

நீலம் படர்ந்த இலைகள்
காம்பே இல்லாததுபோலக்
கிளையைக் கட்டிக்கொண்டிருந்தன.
ஆறாம் வருஷம் காய்த்தது.
ஒன்றை வாயில் போட்டேன்.
துவர்ப்பு, கொஞ்சம் புளிப்பு, நாக்கெல்லாம் கறை.
அட, நாவலே!
நாவலின் இந்தக் கரைத் தங்கை.
நாங்கள் வருமுன்பே ஈரத்தில் கால் நனைத்து
இங்கேயே நின்றவளுக்கு
ஐம்பத்துமூன்று வயதில்தான்
என்னை அறிமுகப்படுத்திக்கொண்டேன்.

குரங்குகள் வருகின்றன, மறைப்பானேன்.
எதிர்வீட்டு ராமசாமி நாயக்கரின்
வெள்ளைக் கரோலா மேல் ஊதா ஊதாவாய் எச்சம்.
அவர் என்னோடு பேசுவதில்லை.
பூசாரி இன்னும் மோசம்.
கும்பத்தில் நான் வைத்த உம்டோனிக் கொத்தை
இரண்டு விரலால் எடுத்து ஓரமாய்ப் போட்டார்:
"கசக்காத இலையை அம்மன் என்ன செய்வாள்?"
பதில் சொல்ல வாயெடுத்தேன்.
வரவில்லை.

மழை விட்டதும் உம்டோனி அடியில்
சிரிங்காக் கன்றுகள்.
பறவை அங்கே தின்று இங்கே உட்காருகிறது,
அதற்கேது நோட்டீஸ்.
நான் உடனே பிடுங்குவதில்லை.
முழங்கால் உயரம் விட்டுவைத்து
பெரிய வெள்ளிக்கு முந்தின சாயங்காலம்
ஒன்று விடாமல் வேரோடு இழுத்து
மண் உதறிக் கழுவிக்
கரகத்தில் கட்டுகிறேன்.
அவளுக்குக் கசப்பு கிடைக்கிறது.
கால்வாய்க்குக் கொஞ்சம் குறைகிறது.

ஆடியில்?
ஆடியில் உம்டோனிதான்.
அது குளிருக்கு இலை உதிர்ப்பதில்லை.
பூசாரி எங்கள் வீட்டுக்குக் கூழ் குடிக்க வருகிறார்,
இரண்டு சொம்பு குடிக்கிறார்,
கும்பம் இருக்கும் பக்கம்
திரும்பிப் பார்ப்பதில்லை.